சிவப்பு வட்டம்

கணவரின் படத்தை மாலையோடு சுவரிலிருந்து கழற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் திருப்பி வைத்தாள் ரோசரி. முப்பத்தெட்டு வயதோடு நின்றுபோன முகம். அந்த மூக்கையும் தாடையையும் வருகிறவன் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வந்துவிட்டான், கையில் தடித்த ஃபைலோடு. மாடிப்படியில் நாலு படி ஏறுவதும், சுவரில் கை வைத்து நின்று மேலும் கீழும் பார்ப்பதுமாக வந்தான். வீட்டை இப்போதே அளக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் மகன் ஸ்டீபன்ராஜ் செய்த வேலை. பழைய கோயில் பதிவேடுகளைப் பகிர்ந்து வம்சம் தேடும் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து, தாத்தா சவரிமுத்துவின் ஞானஸ்நானச் சான்றிதழைப் படம்பிடித்துப் போட்டுத் தொலைத்தான். மறுநாளே ஸ்ரீரங்கத்திலிருந்து பிலோமின்ராஜ் என்ற ஒருவன் அவனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தான். 'உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் அண்ணன் தம்பியா இருக்கணும். நேர்ல பேசணும். போன்ல சொல்ற விஷயம் இல்ல.'

மகன் பார்ப்பதற்குள் அதைப் படித்துவிட்டாள் ரோசரி. விஷயம் என்னவென்று அவளுக்கா தெரியாது? மணப்பாறையில் அண்ணனோடு பொதுவில் இருந்த நிலத்தை, கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று எழுதிக்கொடுத்து விற்றுத்தான் மாமனார் மன்னார்புரத்தில் இந்த வீட்டைக் கட்டினார். பங்கு கேட்டு என்றைக்காவது ஒருத்தன் வருவான் என்று வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து பயந்துகொண்டே இருந்தாள்.

மகனின் போனிலிருந்து அவளே பதில் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வரச்சொல்லிவிட்டு, இரண்டு செய்திகளையும் அழித்தாள். அந்த நேரத்தில் ஸ்டீபன் வீட்டில் இருக்கமாட்டான். மாரத்தான் பயிற்சி என்று காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை ஓடிப்போய் எட்டு மணிக்குத் திரும்புவான். ஆனால் இவன் வந்து சேர்ந்ததே எட்டு தாண்டித்தான். இன்றைக்கு மட்டும் ஸ்டீபன் லேட்டாகட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டாள்.

"சித்தி, நான்தான் பிலோமின்ராஜ்."

நாற்பதைத் தாண்டிய ஆள். அதே மூக்கு, அதே தாடை.

"யாருக்கு யாரு சித்தி? உக்காருங்க தம்பி, பேசுவோம்."

அவன் மேசையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்தான். வம்ச வரைபடம். அதில் நாலு ஆண்களின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்: 37, 34, 39, 36. நாலு பேர் சேர்ந்து கிளம்பியிருக்கிறார்கள், யாருக்கு எத்தனை சென்ட் என்றுகூட எழுதியாச்சு என்று கணக்குப் போட்டாள்.

ஓரமாகப் பென்சிலில் ஒரு கட்டம் இருந்தது. ஸ்டீபன்ராஜ் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது.

"ஸ்டீபனுக்கு என்ன வயசு சித்தி?"

"முப்பத்தஞ்சு. அது எதுக்கு உங்களுக்கு?"

"சொல்றேன். முதல்ல நீங்க எங்க குடும்பம்தானான்னு உறுதியாகணும். சும்மா ஒருத்தரைக் கலங்கடிக்கக் கூடாது பாருங்க. சித்தப்பா எத்தனை வயசுல தவறினாங்க?"

எவ்வளவு நைசாகப் பேசுகிறான்! வயது பொருந்தாவிட்டால் இவன் போட்ட கோடெல்லாம் வீண்தான். பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

"அறுவத்திரெண்டு. சர்க்கரை முத்திப்போய் ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தாரு. எங்க மாமனாருக்குப் பூர்வீகம் காரைக்கால். மணப்பாறையில எங்களுக்குன்னு ஒருத்தர் கிடையாது."

"அப்ப அந்த சர்டிபிகேட்டு?"

"பழைய பெட்டியில யாரோடதோ கெடந்துச்சு. பேரு ஒண்ணா இருக்கவும் தாத்தாவோடதுன்னு போட்டுட்டான் பைத்தியக்காரன். சவரிமுத்துன்னு ஊருக்கு பத்து பேரு இருப்பாங்க."

அவன் கண் சுவருக்குப் போனது. வெறும் ஆணி. படம் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு இது ரொம்ப முக்கியம்."

வேறு வழி தெரியவில்லை. ரோசரி எழுந்து நின்று, பீரோமேல் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"என் ஒரே புள்ள தலைமேல சத்தியம். நாங்க அந்தக் குடும்பம் இல்ல. அவன் உங்க ரத்தம் இல்ல."

நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டாள். பெற்ற பிள்ளைமேல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டாள்.

சண்டை போடுவான் என்று பார்த்தால், அவன் முகம் தெளிந்துவிட்டது. பையிலிருந்து ரப்பரை எடுத்து ஸ்டீபன்ராஜின் கட்டத்தைச் சுத்தமாக அழித்தான். காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தான். பிழைத்தோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது. ஜெயித்த தெம்பில் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது சரி தம்பி, வட்டம் போட்டிருக்கவங்களுக்கெல்லாம் எத்தனை சென்ட்டு கெடைக்கும்?"

"சென்ட்டா?" அவன் விழித்தான். "அது வயசும்மா. எங்க அப்பா, பெரியப்பா, ரெண்டு அண்ணனுங்க. நல்லா இருக்கும்போதே திடீர்னு நெஞ்சு நின்னுபோச்சு. சின்ன அண்ணன் காலேஜ் கிரவுண்டுல ஓடிட்டு இருந்தான். ஒருத்தரும் நாப்பதைப் பாக்கல. பரம்பரையா வர்றதுன்னு டாக்டர் சொன்னாரு."

இடது தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினான்.

"எனக்கு மட்டும் முன்னாடியே கண்டுபிடிச்சு மெஷின் வச்சுட்டாங்க. மிச்சம் யாரு இருக்காங்கன்னு தேடித் தேடி டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டு இருக்கேன்."

ரோசரி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி எட்டே முக்கால். ஸ்டீபன் இன்னும் வரவில்லை.

படியில் கால் வைத்தவன் திரும்பி, மனசாரச் சிரித்தான்.

"நல்லவேளைம்மா, உங்க பையன் எங்க ரத்தம் இல்ல."