விழுந்த இடம்

பிச்சையா நொண்டிக்கொண்டே லைனுக்கு வந்ததைப் பார்த்ததும் சூப்பர்வைசர் கோதண்டத்துக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னாப்பா காலு?"

"ரூம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார் கேட்டாலும் இதையே சொல்லு. கம்பெனிக்குள்ள வுழுந்தேன்னு ரிப்போர்ட் போனா அல்லாருக்கும் தலைவலி."

"இல்ல சார், நான்..."

"புரியுது. நீ போய் உக்காரு."

பிச்சையாவின் மெஷினடியில் ஆயில் கசிகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் வாய் ஓய்ந்திருந்தது. அன்று மதியத்துக்குள் ஆட்கள் வந்து கசிவை அடைத்தார்கள். தரையைத் தேய்த்துக் கழுவி, வழுக்காத மேட் விரித்தார்கள். பிச்சையாவுக்கு ஒரு ஸ்டூலும் உட்கார்ந்து செய்யும் வேலையும் கிடைத்தன.

"உன் காலு போயி எங்க காலு தப்பிச்சுதுடா," என்றான் பக்கத்து மெஷின் சாம்சன். "பாத்ரூம்னு சொன்ன பாரு, அங்கதான் நீ நிக்கிற."

பிச்சையா வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

சாயந்திரம் பென்னலூரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன், நேரே வீட்டு ஓனர் ரத்னாவிடம் போனான்.

"அக்கா, பாத்ரூம் தரையெல்லாம் ஒரே பாசி. காலைல விழுந்து காலு வீங்கிட்டு. ஆள வச்சுத் தேச்சுக் குடுங்க."

ரத்னா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்பெனில வுழுந்துட்டு வர்றவன் அல்லாரும் இந்தக் கதையத்தான் சொல்றீங்க. எம் பாத்ரூமு உங்களுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

பிச்சையா வாளியை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, அதே பாசிமேல் கால் வைத்தான்.