கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஊருக்குள் ஓட்டத்தான் என்று அப்பாவிடம் சொல்லி, பழைய பைக்கைக் கொல்லையில் வைத்து மூன்று மாதம் நானே சரிசெய்தேன். துருவை உப்புத்தாளால் தேய்த்தேன், செயின் மாற்றினேன், சீட்டைத் தைத்தேன். அப்பா கல்யாணத்துக்குப் போன அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பிவிட்டேன். கடலூரில் வேலை காத்திருந்தது.

கொள்ளிடம் பாலத்தருகே வண்டி தானாக நின்றது. "அப்பா அனுமதித்த எல்லை இதுதான், தாரணி. வீட்டுக்குத் திரும்பு" என்றது மீட்டருக்குள்ளிருந்து ஒரு குரல்.

என் அப்பாவைத் தாண்டியாயிற்று. இது வேறொருத்தியின் அப்பா. தாரணிதான் எனக்கு வண்டியை விற்றவள். போன் செய்தேன்.

"எல்லையை மாத்த எங்கப்பா கைரேகை வேணும்க்கா. அவர் செத்து நாலு வருஷமாச்சு."

"அப்போ நீ எப்படிம்மா இதைத் தாண்டிப் போன?"

"நான் எங்க போனேன்க்கா? வண்டியைத்தான் வித்தேன்."