கொடி மறைத்த வெடிப்பு

“நோயாளிக்கு நீங்க யாரு?” என்று வார்டு வாசலில் கேட்டார்கள். “அண்ணன்” என்றார் கந்தப்பன். சொன்ன பிறகு அந்தப் பொய்யும் முன்பு சொன்ன பொய்யோடு சேர்ந்து உறுத்தியது.

பதுளை ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த விஜயலெட்சுமியை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். போன மாதம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் உள்ள அவருடைய வீட்டுக்கு வந்து ஓர் ஊன்றுகோல் வாங்கிப் போனாள். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்துக்கூடை சுமந்து மலையேறியதில் அவளுடைய முழங்கால் தேய்ந்து போயிருந்தது.

கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலை விட்டு வந்தால் உளியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அகப்பை, பம்பரம், சாமி பீடம் என்று செதுக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு மருமகள் அவற்றைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டாள். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது அவர் செதுக்க, மனைவி ஜீவராணி தேய்த்து மெருகேற்ற, மருமகள் பார்சல் கட்ட, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர்கள் வீட்டு முன்னறையே பட்டறையாகிவிட்டது.

விஜயலெட்சுமிக்கு விற்ற கம்பில் ஒரு வெடிப்பு இருந்தது. கைப்பிடிக்குக் கீழே, மயிரிழை மாதிரி. தீபாவளி நெருக்கம்; காய்ந்த கொய்யாக் கம்பு வேறு இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து வெடிப்பை அடைத்து, அதன் மேலேயே ஒரு பூங்கொடியைச் செதுக்கிவிட்டார். அவர் செய்ததிலேயே அழகானது அதுதான் என்று மருமகள் சொன்னபோது அவர் குனிந்து உளியைத் துடைக்க ஆரம்பித்தார்.

தாங்குமா என்று விஜயலெட்சுமி ஒரு வார்த்தை கேட்டாள். தாராளமாகத் தாங்கும் என்று அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

அவள் விழுந்த செய்தியை நேற்று பஸ்ஸில்தான் கேள்விப்பட்டார். அவளுடைய லயத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்: “தண்ணி புடிக்கப் போயிருக்கா. செவுத்தப் புடிச்சுக்கிட்டே படி எறங்குனவ, அப்படியே வழுக்கி விழுந்துட்டா.”

கம்பு வைத்திருப்பவள் சுவரை ஏன் பிடிக்கிறாள்? கம்பு முறிந்திருக்கும், கைக்கு எட்டியதைப் பிடித்திருப்பாள். அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் எதுவும் கேட்கக் கந்தப்பனுக்குத் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜீவராணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். விஷயம் வெளியே தெரிந்தால் வாங்கியவர்களெல்லாம் திருப்பிக் கொண்டு வருவார்கள், மருமகள் பாடுபட்டு உண்டாக்கிய தொழில் கலைந்து போகும் என்றாள். காலையில் அவரால் உளியைத் தொடவே முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளே நாலு தோடம்பழத்தைப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“போயி உள்ளத சொல்லிட்டு வாங்க.”

விஜயலெட்சுமி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று கூச்சத்தோடு கேட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினாள். கந்தப்பன் உட்காரவில்லை. பழப் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“தங்கச்சி, அந்தக் கம்புல வெடிப்பு இருந்துச்சு. தெரிஞ்சேதான் ஒனக்குக் குடுத்தேன். வெளிய தெரியாம இருக்கக் கொடியச் செதுக்கி மறைச்சிட்டேன். ஒன்னைய விழ வச்சது நான்தான்.”

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். கந்தப்பன் தலைகுனிந்து நின்றார். வைவாள் என்று எதிர்பார்த்தார். வைதால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்றும் இருந்தது. இந்த வயதில் ஊர் மெச்சுகிறது என்ற மயக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிலில் கிடத்திவிட்டோமே என்ற நினைப்பில் அவருக்குக் கண் கலங்கியது.

ஆனால் முகம் சுருங்கியது விஜயலெட்சுமிக்குத்தான். தான் செய்த தப்பு வெளிப்பட்டுவிட்டதைப் போலப் போர்வை நுனியைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அது முறியலண்ணே. அழுக்காயிரும்னு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கேன். இன்னும் ஒருநாளுகூட தரையில ஊனல.”