கேமரா பார்க்காத கோணம்

"கேமரா முழு வட்டமும் சுத்தாதா?" என்றார் கடை முதலாளி.

"முந்நூறு டிகிரிதான் முதலாளி," என்றார், அதை நடுத்தூணில் பொருத்தியவர். "கல்லாவுக்கு எக்ஸ் டிகிரின்னா, வாசலுக்கு ரெண்டு எக்ஸ், சரக்குக்கு மூணு எக்ஸ். ஆக, எக்ஸ் ஐம்பது."

"கேமராவுக்குத் தெரியாத பக்கம் அறுபதுதானா? பத்தாது. எழுபத்திரண்டு ஆக்கு."

"அப்போ எக்ஸ் நாற்பத்தெட்டு. கல்லாவே ரெண்டு டிகிரி குறையுமே!"

"குறையட்டும்."

"அந்த மூலைக்கும் ஒரு கேமரா போட்டுடலாம். பாதி விலைக்குத் தரேன்."

"சும்மா தந்தாலும் வேணாம்பா."

முதலாளி நாற்காலியை அந்த மூலைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"படத்தை வீட்டிலிருந்து போன்ல பார்க்கப் போறது என் சம்சாரம். எனக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னதிலிருந்து கண்கொத்திப் பாம்பா இருக்கா!"