இரண்டு நூல் தள்ளி

துண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. எடையே தெரியவில்லை.

ஸ்டியரிங்கைத் தாங்கிப் பிடிக்கிற பாகம் அது. மெக்னீசியக் கலவை. உடைப்புக்கு வந்த ஏதோ வெளிநாட்டுக் காரின் ஸ்டியரிங்கை வாங்கி ஜீப்புக்கு மாட்டியிருக்கிறார்கள். மலைக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புகளில் இதெல்லாம் சகஜம்.

போன வாரம் போடிமெட்டுச் சாலையில், ஒரு வளைவில் ஒடிந்தது இதுதான். ஏலத்தோட்ட வேலைக்குப் போன சிலமலைப் பெண்கள் மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள்.

எதனால் ஒடிந்தது என்று கேட்டு, போலீஸ் அதைத் துணிப்பையில் போட்டு எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தது. துறைத்தலைவர் என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

வெளியே எடுத்ததுமே தெரிந்துவிட்டது.

துண்டு முன்பே ஒருமுறை விரிசல் விட்டு வெல்டிங் வைத்தது. ஒட்டு முடிகிற இடத்தில் கொஞ்சம் பின்னால் திரும்பி, ஒரு சொட்டு கூடுதலாக உட்கார்ந்திருந்தது. முடிவில் குழி விழக்கூடாது என்று இப்படித் திரும்பி முடிக்கிறவர் எனக்குத் தெரிந்து போடியில் ஒருவர்தான். என் அப்பா காமராஜ்.

ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்கரை கூடியிருக்கும் என்று நான் மாத்திரை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் ஒட்டு அப்படியே இருந்தது. ஒடிந்தது அதற்கு இரண்டு நூல் தள்ளி, கால் அங்குலம்.

அப்பாடா என்றிருந்தது. செத்தவர்களை மறந்து அப்படி நினைத்ததற்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

மெக்னீசியத்தில் ஒட்டை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் நடத்துகிற பாடம்தான்.

வெட்டித் தேய்த்து, அமிலம் காட்டி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

ஒட்டை விட்டுத் தள்ளி, உலோகத்தின் மணிகள் ரவை மாதிரி பொடியாக நெருங்கிக் கிடந்தன. ஒட்டின் பக்கம் நகர்த்த நகர்த்தப் பெருத்துக்கொண்டே வந்தன. இரண்டு நூல் தூரத்தில் வெந்த ஜவ்வரிசி. மணிக்கும் மணிக்கும் நடுவே ஒருமுறை உருகி உறைந்த கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விரிசல் ஓடியிருந்தது.

கடினம் அளந்தேன். அங்கே மட்டும் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

தேவைக்கு மேல் சூடு. வேறு காரணம் இல்லை.

எழுதினால் அப்பா உள்ளே போவார். எழுதாவிட்டால், இடுப்பொடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற டிரைவர் சுருளியின் தலையில் எல்லாம் விழும்.

ஆனால் அப்பா சூட்டில் கஞ்சன். முப்பது வருடத் தொழிலில், ஆம்பியரை ஒரு கோடு கூட்டுவதற்குள் பத்து தடவை யோசிப்பார். எந்த அரைகுறை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று ஆத்திரமாக வந்தது.

அப்போது போன் அடித்தது. அப்பா.

"ஆத்தா, ஸ்டேசன்ல இருக்கேன். துண்டு ஒங்க காலேஜுக்குத்தான் வந்திருக்காம்ல. நீ உள்ளத எழுதிக் குடு. யார்ட்டயும் கேக்கல, நானாத்தான் சூட்டக் கூட்டி வச்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

யாரிடமும் கேட்கவில்லை என்றாரே, அதில்தான் எனக்கு நினைவு வந்தது.

மூன்று மாதம் இருக்கும். காலேஜ் பஸ்சுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். எடையே இல்லாத ஒரு உருப்படி வந்திருக்கிறது, வினிகர் விட்டால் பொங்குகிறது, மெக்னீசியம்தான், சூடு எவ்வளவு வைக்கலாம் என்று போனில் கேட்டார். தோட்டத்து மருந்தடிக்கிற மெஷினின் மூடியாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"சூட்டக் கூட்டியே வைங்கப்பா, நல்லாப் பிடிச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் படியில் காலை வைத்தேன்.

அறிக்கையில், காரணம் என்ற இடத்தில், தேவைக்கு மேல் சூடு என்று எழுதினேன். கீழே, ஆய்வு செய்தவர் கையெழுத்து.

இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஒரு வரி எழுத இடமிருந்தது.