வாழ்த்தும் நெஞ்சங்கள்

ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்க்கும் செண்பகவல்லியிடம் வங்கியின் வசூல்காரர் பென்டிரைவை நீட்டினார். கல்விக்கடன் கட்டாதவர்களின் படங்கள். பேருந்து நிறுத்தத்தில் பேனர் வைக்க வேண்டுமாம். திறந்தால் முதல் படமே அவள்தான், பட்டமளிப்பு அங்கியில் சிரித்தபடி. அவள் இன்ஜினீயர் ஆனதற்கு அப்பா தெருமுனையில் வைத்த பேனரிலும் இதே படம்தான்.

“மூஞ்சி பளிச்சுன்னு தெரியணும்மா,” என்றார் வசூல்காரர், அவள் முகத்தைப் பார்க்காமலே.

“தெரியும் சார்.”

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் அடுக்கினாள். கீழே, வழக்கமாக ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ கும்பிட்டு நிற்கும் இடத்தில், படித்தால் வேலை நிச்சயம் என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்த கல்லூரித் தாளாளரை வைத்தாள்.

வசூல்காரர் குனிந்து பார்த்தார். “இவரு எங்கம்மா கடன் வாங்கினாரு?”

“கடன நாங்க வாங்கினோம் சார். காச வாங்கினது அவரு.”