புகார் எண்

காரின் பின் இருக்கை இடுக்கில் கையை விட்டு, பாதி கடித்த கோழி எலும்பு ஒன்றை இரண்டு விரல்களால் வெளியே எடுத்தார் சுகாதார ஆய்வாளர். மூக்கின் மேல் கைக்குட்டை. முகம் எட்டுக் கோணலாகியிருந்தது.

“இந்த வண்டிக்கு உடனே சீல் வைக்கணும்!”

“நீங்க ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சு. இது நம்ம ஊரும் இல்ல” என்றாள் மனைவி. “அந்த மூக்கை வீட்டுலயே வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கலாம்.”

விமான நிலையத்து வாடகைக் கார் கவுன்டரில் சாவி வாங்கி வந்த மகள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். “இன்னிக்கு வேற வண்டி இல்லையாம்ப்பா. ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாம்.”

திறந்தும் பயனில்லை. புளித்த பால், நனைந்த நாய், சிகரெட் சாம்பல் என்று வழி நெடுக ஒவ்வொரு வாடையாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தார் அவர். காலுக்கடியில் பிசுபிசுத்த மிதியடியில் செருப்பு ஒட்டியது. இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, கம்பில் ஏறிய கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மகளைப் பார்க்க இந்த நாட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. தன் அறையில் மூன்று பேர் படுக்க முடியாது என்று, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடொன்றில் அவர்களுக்குப் பத்து நாள் இடம் வாங்கியிருந்தாள். அவளுடைய கம்பெனிக்கு அந்த மாதிரி நாற்பது வீடுகள். “நாற்பது வீடும் என் பொறுப்புதாம்ப்பா” என்று அவள் போனில் சொன்ன நாளிலிருந்து, காய்கறிக்காரர் முதல் சம்பந்தம் பேச வந்தவர் வரை யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. “நாற்பது பங்களா, எல்லாம் என் பொண்ணு கையில!”

அந்த நாற்பதில் ஒன்றின் கதவு திறந்ததும் அவர் கைக்குட்டையை மறுபடி மூக்கில் அழுத்தினார்.

சமையலறைத் தொட்டியில் தட்டுகள் குவிந்து கிடந்தன. முட்டைக் கரு காய்ந்து, கொழுப்பு வெள்ளையாக உறைந்து, மேலே ஒரு ஈ சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. தலையணை உறையில் உதட்டுச் சாயம். போர்வையை உதறினால் யாரோ வெட்டிப் போட்ட கால் நகங்கள். குளியலறை வடிகாலை அடைத்திருந்த முடிப் பந்தைப் பார்த்துவிட்டு, செத்த எலி என்றே நினைத்துப் பின்வாங்கினார். கழிப்பறை மூடியைத் திறந்தவர், திறந்த வேகத்திலேயே மூடினார்.

“உவ்வே! மனுஷன் இருப்பானா இதுல?”

“முன்னாடி இருந்தவங்க இன்னிக்குக் காலையிலதான் காலி பண்ணினாங்கப்பா” என்றாள் மகள். “சுத்தம் பண்ற பொண்ணுக்கு இன்னிக்கு வர முடியல.”

“ஏன், மகாராணிக்கு என்ன வேலையாம்?”

“வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க.”

“விருந்தாளி வந்தா வேலையைப் போட்டுட்டுப் போயிடுவாளா? சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறாளா அவ?” அவர் குரல் ஏறியது. “என் சர்வீஸ்ல இந்த மாதிரி ஜென்மங்களை எத்தனை பார்த்திருக்கேன்! நகத்துல அழுக்கு, மனசுலயும் அழுக்கு. நீ ஒரு மேனேஜர்னு பேரு, இப்பவே அவளை வேலையை விட்டுத் தூக்கு.”

“பாவம்ங்க, யாரு பெத்த பொண்ணோ” என்றாள் மனைவி.

“பெத்தவனைச் சொல்லணும். பொண்ணை வளர்த்திருக்கான் பாரு லட்சணமா!”

மகள் கதவுக்குப் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து வாளியையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தமும், வறட் வறட்டென்று தேய்க்கும் சத்தமும் கேட்டன.

அவருக்கு அது பொறுக்கவில்லை. யாரோ ஒரு சோம்பேறி விட்டுப்போன நாற்றத்தை, நாற்பது வீட்டை ஆளும் தன் மகள் மண்டிபோட்டுத் தேய்ப்பதா? விடிய விடியப் படித்த பிள்ளை!

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘வீட்டின் சுத்தம் பற்றிய புகார்களுக்கு’ என்று ஆங்கிலத்தில் போட்டு, கீழே கம்பெனி எண் ஒன்று. விமான நிலையத்தில் வாங்கிய புது சிம்மை அப்போதுதான் போனில் போட்டிருந்தார்.

“வேண்டாங்க, புது ஊரு” என்று மனைவி கையைப் பிடித்தாள்.

“நீ சும்மா இரு. ஒருத்தனாவது கேட்டாத்தான் புத்தி வரும்.”

எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தி, தொண்டையைச் செருமித் தயாராக நின்றார்.

மணி அடித்தது. காதில் மட்டுமில்லை, குளியலறைக்குள்ளும் அடித்தது.

தேய்க்கும் சத்தம் நின்றது. “வணக்கம், துப்புரவுப் பிரிவு” என்று ஆங்கிலத்தில் பணிவாக ஒரு குரல் போனில் கேட்டது. அதே குரல் கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, குளியலறைக் கதவைப் பார்த்தார்.

தாழ்ப்பாள் விலகியது. முழங்கை வரை நுரையோடு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள் மகள்.

“சொல்லுங்கப்பா, இந்த வீட்டைச் சுத்தம் பண்றவ நான்தான்.”